சோழமண்டலத்திலிருந்து பாரிசு வரை: வேலு விசுவநாதனின் அரூப ஓவியங்களில் பொடியும் ஒளியும்

சென்னை ஓவிய இயக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையோடு நின்றுவிடுகிறது. அவருடைய மாணவர்களுள் உருவத்தையும் எழுத்தையும் விடுத்து, கோட்டையும் வண்ணத்தையும் மட்டுமே கைக்கொண்டவர் வேலு விசுவநாதன். அவரது அரூபப் பாணியை அவர் கையாண்ட ஊடகத்தின் வழியே அணுக இக்கட்டுரை முயல்கிறது.

விசுவநாதன் 1940இல் கேரளத்தின் கொல்லம் பகுதியில் பிறந்தவர். 1960களில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பணிக்கரிடம் பயின்றார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். பத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஓவியர்கள் தம் வாழ்வை நடத்திய காலம் அது. 1968 முதல் பாரிசு அவரது வாழிடமாயிற்று. எனினும் இந்தியாவுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை.

முக்கோணம், சதுரம், வட்டம் ஆகியவற்றால் அமைந்த தொடக்ககால ஓவியங்களைக் கண்ட திறனாய்வாளர்கள் அவரைப் புதுத் தாந்திரிக ஓவியர் வரிசையில் சேர்த்தனர். அவ்வகைப்பாடு முழுப் பிழையன்று, ஆனால் போதாது. யந்திரத்தில் கோடு வரையறுக்கும் எல்லையாக நிற்கிறது. விசுவநாதனின் பிற்கால ஓவியங்களிலோ கோடுகள் தளர்கின்றன. வண்ணப் பரப்பு ஒளியை உள்ளிருந்து கசியவிடுவதுபோல் தோன்றுகிறது. இம்மாற்றத்தைச் சமயக் குறியீட்டால் விளக்குவது கடினம்.

அவர் விரும்பிக் கையாண்ட ஊடகம் கேசீன். பாலைத் திரித்துப் பெறும் இப்புரதம் தனியே நீரில் கரையாது. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்த்தே கரைக்க வேண்டும். அக்கரைசலுடன் நிறமிப் பொடியைக் குழைத்தால் விரைவில் உலரும் வண்ணம் கிடைக்கும். எண்ணெய் வண்ணத்துக்குரிய பளபளப்பு இதற்கில்லை. காய்ந்தபின் பொடியின் மங்கலான மேனியே எஞ்சும். தடித்துப் பூசினால் வெடிக்கும் இயல்புடையதாதலால், துணியின்மீது மெல்லிய படலங்களாகவே ஏற்ற வேண்டும். கீழ்ப்படலம் மேற்படலத்தின் ஊடே தெரிவது இதனால்தான்.

இம்மங்கலான மேனி கேரளக் களமெழுத்தை நினைவூட்டுகிறது. அரிசிமாவு, கரி, மஞ்சள், பச்சிலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு என ஐந்து பொடிகளால் தரையில் வரையப்பட்டு, சடங்கின் முடிவில் அழிக்கப்படுவது களம். தாந்திரிக வடிவத்தைவிட இப்பொடி மரபே அவரது ஓவியங்களுக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இக்கருத்துக்குத் துணை நிற்பது அவரது பயணம். 1976இல் தொடங்கி இந்தியக் கடற்கரை நெடுகிலும் சென்று மணல் சேகரித்தார். அதுவே ‘மணல்’ என்னும் திரைப்படமாகவும் வளர்ந்தது. பின்னர்க் கங்கையைப் பற்றிய படம் வந்தது. ஐம்பூதங்களை நோக்கிய இத்தேடலின் முதற்படி, அச்சில் வார்த்த வடிவம் அன்று; கைப்பிடியில் அள்ளக்கூடிய பொருள். அம்மணல் ஒவ்வொரு கரையிலும் வெவ்வேறு நிறம். இந்நிறவேறுபாட்டைப் பாரிசில் இருந்துகொண்டு கற்பனை செய்துவிட முடியாது.

ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: பளபளப்புத் தாளில் அச்சான நூற்படங்களை மட்டும் நம்பிக் கேசீன் ஓவியத்தை மதிப்பிடலாகாது. மங்கலான மேனி அவற்றில் மறைந்துவிடும். படப்பை, தாம்பரம் பகுதிக் கல்லூரிகளில் பணியாற்றுவோர் வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால், சென்னை இயக்க ஓவியர்களின் மூலப் படைப்புகளைச் சோழமண்டல அருங்காட்சியகத்தில் காணலாம். பகலொளியில், சற்றே பக்கவாட்டில் நின்று காண்பது நன்று.