ஆற்று மண்ணில் ஒரு பூட்டு

மங்களூர்க் கரையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டும். சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த மழைக்கு அடியில், முகட்டைத் தவிர வேறெங்கும் சுண்ணாம்போ சிமெண்டோ பூசாமல், மரச்சட்டத்தின் மேல் சும்மா அடுக்கி வைத்த மண் தகடுகள் தலைமுறை தலைமுறையாக வீடுகளைக் காத்து வருகின்றன. அதுதான் மங்களூர் ஓடு. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் பழைய ரயில் நிலையங்களிலும் கூரையாக இருப்பதும் அதுவே.

நாட்டு ஓட்டை நினைத்துப் பாருங்கள். வளைந்த சின்னச் சின்ன ஓடுகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. அணில் ஓடினாலும் குரங்கு குதித்தாலும் இடம் பெயரும். மழைக்காலம் வருமுன் ஆள் வைத்து ஓடு மாற்ற வேண்டும். மங்களூர் ஓட்டில் அந்த வேலை மிகக் குறைவு. அதன் ஒரு விளிம்பில் பள்ளம், மறு விளிம்பில் மேடு. பக்கத்து ஓட்டின் மேடு இதன் பள்ளத்தில் போய் உட்காரும். அடியிலுள்ள குமிழ்கள் ரீப்பர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றையொன்று பூட்டிக்கொண்ட கூரை.

அந்தப் பள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மிகக் குறுகிய இடுக்கில் தண்ணீர் தானாகவே மேலே ஊர்ந்து ஏறும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். இரண்டு தட்டையான ஓடுகளை ஒட்டி வைத்தால் மழைநீர் இப்படியே இடுக்கில் நுழைந்து வீட்டுக்குள் சொட்டும். நடுவில் அகலமான பள்ளம் ஒன்று குறுக்கிட்டால் ஊர்ந்துவரும் நீர் அங்கே பிடிப்பை இழந்து, சரிவைப் பார்த்து ஓடிவிடும்.

எடையையும் பார்க்கலாம். ஓர் ஓடு ஏறக்குறைய 41 செ.மீ. நீளம், இரண்டு முதல் மூன்று கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து போதும். பத்துக்குப் பத்தடி அறைக்குச் சரிவையும் சேர்த்து 160 ஓடுகள், கிட்டத்தட்ட 400 கிலோ. அதே அறைக்கு நான்கு அங்குல கான்கிரீட் தளம் போட்டால் இரண்டு டன்னைத் தாண்டும்.

இந்த வடிவம் மங்களூரில் பிறந்ததல்ல. பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். மங்களூருக்குக் கொண்டுவந்தது பாசல் மிஷன். 1834இல் வந்த இந்தச் சுவிஸ்-ஜெர்மன் கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்தவர்களுக்குப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. மதம் மாறியதும் சாதியோடு ஒட்டியிருந்த தொழிலும் நிலமும் கைவிட்டுப் போயின. வேலை கொடுத்தால்தான் சபை நிற்கும் என்ற நிலை. தறி போட்டார்கள், அச்சகம் வைத்தார்கள். அச்சு வேலைக்காக வந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைச் சோதித்துப் பார்த்து, 1865இல் ஜெப்புவில் ஓட்டாலையைத் தொடங்கினார்.

களிமண்ணின் துகள்கள் நுண்ணிய தட்டுகள். ஆயிரம் தட்டுகளை வரிசையாக வைத்தாலும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. நடுவே நீர்ப்படலம் இருப்பதால் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் களிமண் சொன்னபடி வளைகிறது. கோடையில் வெட்டி, படகில் ஏற்றிவந்து, குவித்துப் புளிக்க விடுவார்கள். பிறகு அரவை இயந்திரத்தில் பிசைந்து, பலகையாக வெட்டி, அச்சில் அழுத்துவார்கள். காயும்போது மண் சுருங்கும், சில வகை மண் பத்தில் ஒரு பங்குவரைகூட. சுருங்கிய பிறகும் மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டுமே! ஆகவே அச்சைக் கணக்குப் போட்டுப் பெரிதாகச் செய்வார்கள். வேகமாகக் காய்ந்தால் ஓடு முறுக்கிக்கொள்ளும். வெயிலில் போடாமல் நிழலில் தட்டுகளில் அடுக்குவது அதனால்தான். விடாத மழை மாதங்களில் சூளையிலிருந்து மேலெழும் சூடு, மேல்தளங்களில் அடுக்கிய ஓடுகளைக் காயவைக்கும்.

அந்தச் சூளைதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. சாதாரணக் காளவாயில் அடுக்குகிறோம், எரிக்கிறோம், ஆறவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் சுவரைச் சூடாக்கிய நெருப்பெல்லாம் வீண். 1858இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் இதைத் தலைகீழாக யோசித்தார். ஓடு இருந்த இடத்தில் இருக்கட்டும், நெருப்பு நகரட்டும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அறைகளைத் தொடராகக் கட்டி, கூரையிலுள்ள துளைகள் வழியாக எரிபொருளைப் போடுவார்கள். நெருப்பு அறைக்கு அறை தாவி வலம்வரும். உள்ளே வரும் காற்று வெந்து முடிந்த ஓடுகளினூடே நுழைந்து, அவற்றை ஆறவைத்துத் தான் சூடேறி நெருப்பை அடையும். நெருப்பைத் தாண்டிய புகை, அடுத்து வேகப்போகும் பச்சை ஓடுகளை முன்கூட்டியே சூடாக்கிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். ஒருபுறம் ஆறிய ஓட்டை எடுத்துக்கொண்டும் மறுபுறம் பச்சை ஓட்டை அடுக்கிக்கொண்டும் இருக்கலாம். நெருப்பை அணைக்கவே வேண்டாம். மேற்கு மலைக் காடுகளின் விறகை இந்தத் தொழில் விழுங்கியது என்பது உண்மை. பழைய காளவாயாக இருந்திருந்தால் இன்னும் அதிகம் விழுங்கியிருக்கும்.

உள்ளே நடப்பது வேதியியல். 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் களிமண்ணின் அணு அமைப்பிலேயே ஒட்டியிருந்த நீர் வெளியேறும். இனி எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது சேறாகாது. 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உருமாறி விரியும். ஆறும்போது அதே வேகத்தில் சுருங்கும். அவசரப்பட்டு ஆறவைத்தால் விரிசல்தான். காற்று தாராளமாக இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். மூச்சு முட்டினால் கறுக்கும்.

வெந்த ஓட்டிலும் நுண்துளைகள் மிச்சமிருக்கும். தன் எடையில் 18 சதவீதம் வரை நீர் குடித்தாலும் முதல்தர ஓடு என்றே இந்தியத் தரக்கட்டுப்பாடு ஏற்கிறது. இரண்டரைக் கிலோ ஓட்டுக்கு அது ஏறக்குறைய அரை லிட்டர். வெயில் வந்ததும் அந்த நீர் ஆவியாகிக் கூரையைக் குளிர்விக்கும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இந்தக் கரையில் ஓட்டாலைகள் பெருகியிருந்தன. உள்ளூர் முதலாளிகளும் இறங்கினார்கள். பாசல் மிஷனே 1905இல் கோழிக்கோட்டுக்கு அருகே ஃபரோக்கில், சாலியாற்றின் கரையில் புதிய ஆலை கட்டியது. கொழும்புக்கும் ஏடனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலில் ஓடு போயிற்று. மண் சுமக்கவும் ஓட்டை அடுக்கவும் பெண்களும் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். இதை வெறும் தொண்டு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் கொடுப்பவரும் சபையை நடத்துபவரும் ஒருவராகவே இருந்தால் தொழிலாளி எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. ஆனால் சாதி பார்த்து வந்த வேலைக்குப் பதில், கற்றுக்கொண்டால் எந்த ஆலையிலும் செல்லுபடியாகும் கைத்திறன் கிடைத்தது. அது சிறிய மாற்றமல்ல.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு மிஷனின் ஆலைகளை எதிரிச் சொத்து என்று கையகப்படுத்தியது. போர் முடிந்தபின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற புதிய நிறுவனத்திடம் போயின. 1930களில் கோழிக்கோட்டு வட்டாரத்து ஓட்டுத் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

பிரெஞ்சு வடிவம், ஜெர்மன் சூளை, கன்னடக்கரை மண், மலைநாட்டு விறகு, பிழைப்பு இழந்து நின்ற மனிதர்கள். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல, கோத்த விதம்தான் புதிது. உங்கள் ஊரில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எந்த ஆலையில் செய்தது என்று பெரும்பாலும் அதன்மேலேயே எழுத்துப் பொறித்திருப்பார்கள்.