டிராம் வண்டிக் கல்லூரி

கப்பலில் மூட்டை இறக்குகிறவனுக்கும் ஓட்டலில் தட்டு கழுவுகிறவனுக்கும் கல்லூரி எதற்கு என்று கேட்கிற வாய் எல்லா நாட்டிலும் உண்டு. கேட்கும் மொழி மாறும், வாய் மாறாது. வயிறு நிறைந்த வாய் அது! டாலர் தேசமான அமெரிக்காவிலும் அந்த வாய் உண்டு. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லி வந்திருக்கிறது, சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி.

1934-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், அந்த நகரத்துத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் போலீசார் சுட்டனர். இரண்டு பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து நகரமே நான்கு நாட்கள் வேலையை நிறுத்தியது. மறு ஆண்டு, 1935-இல், கல்லூரி பிறந்தது. வேலைநிறுத்தம் பெற்ற பிள்ளை இது என்று கதை கட்ட நாம் விரும்பவில்லை. ஆனால் அது எந்தக் காலத்துப் பிள்ளை என்பதைத் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆலைகள் மூடிக் கிடந்த காலம். பள்ளியை முடித்த பிள்ளைக்கு வேலையும் இல்லை, பல்கலைக்கழகம் போகக் கையில் காசும் இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஈராண்டுக் கல்லூரி அந்நாட்டுக்குப் புதிதல்ல. 1901-இலேயே இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் முதல் கல்லூரி தொடங்கிவிட்டது. சான்பிரான்சிஸ்கோ பிந்தித்தான் வந்தது.

வந்தபோது அதற்குக் கட்டிடம் இல்லை! காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம். நகரெங்கும் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் வகுப்புகள். ஒரு பாடம் முடிந்ததும் டிராம் ஏறி அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டும். ‘டிராம் வண்டிக் கல்லூரி’ என்றே ஊரார் பெயர் வைத்தனர். ஏளனமாகச் சொன்னார்களோ, செல்லமாகச் சொன்னார்களோ, பெயர் நிலைத்தது. 1940-இல் ஓஷன் அவென்யூ மேட்டில் முதல் பெருங்கட்டிடமான அறிவியல் மாளிகை திறக்கப்பட்டது. அந்த மேட்டில் அதற்கு முன் என்ன இருந்தது தெரியுமா? சிறைச்சாலை! சிறையை இடித்த மண்ணில் கல்லூரி எழுந்தது.

அந்த மாளிகையைக் கட்டிய சிற்பி திமோதி புளூகர், மெக்சிகோ நாட்டுப் பொதுவுடைமை ஓவியர் டியகோ ரிவேராவை அழைத்து வந்தார். 1940-இல் பொருட்காட்சித் திடலில், பொதுமக்கள் கண்முன்னே, 22 அடி உயரமும் 74 அடி நீளமும் உள்ள சுவரோவியத்தை ரிவேரா தீட்டினார். கல்லூரி நூலகத்துக்கென்று தீட்டியது. போர் வந்தது, நூலகம் எழவில்லை, 1946-இல் புளூகரும் மறைந்தார். ஓவியம் பெட்டிக்குள் உறங்கியது. 1961-இல்தான் கல்லூரி நாடக அரங்கில் அது சுவர் ஏறியது. ரிவேரா 1957-இலேயே இறந்துவிட்டார்.

ஓவியம் உறங்கினாலும் கல்லூரி உறங்கவில்லை. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வந்து நிறைந்தனர். ஓட்டல் தொழிலைப் பாடமாக வைத்துச் சமையற்காரருக்கும் பரிமாறுவோருக்கும் பயிற்சி தந்தது. பிழைக்க வந்த சீனருக்கும் மெக்சிகோகாரருக்கும் ஆங்கிலம் சொல்லித் தந்தது. தொழிற்சங்க இயல்கூடப் பாடம்! எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்க்காரரிடம் பயிற்றுக் கட்டணம் வாங்கவில்லை.

அந்தக் கதவில் கை வைத்தது யார்? 1978-இல் கலிபோர்னியாவில் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். சொத்துள்ளவர் மகிழ்ந்தனர். கல்விக்குப் போகும் பணம் வற்றியது. ஆறே ஆண்டுகள்! 1984-இல் மாநிலமெங்கும் இத்தகைய கல்லூரிகளில் பருவத்துக்கு 50 டாலர் கட்டணம் வந்தது. ‘ஐம்பதுதானே!’ என்றார்கள். 2012-இல் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்றாயிற்று. ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று யூனிட். பாடம் ஒன்றுக்கே 138 டாலர். ‘தானே’ என்ற சொல் எங்கே கொண்டு போய்விடுகிறது, பார்த்தீர்களா?

அந்த 2012-இல்தான் பேரிடியும் விழுந்தது. தரச்சான்று வழங்கும் தனியார் ஆணையம் ஒன்று, சான்றை ஏன் பறிக்கக்கூடாது என்று காரணம் கேட்டது. 2013 ஜூலையில், ஓராண்டில் சான்று போய்விடும் என்றே அறிவித்தது. சான்று போனால் மத்திய அரசின் உதவிப்பணம் இல்லை. படித்த படிப்புக்கு மதிப்பு இல்லை. கல்லூரியை மூட வேண்டியதுதான். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுவை ஒதுக்கிவிட்டு ஒற்றை மனிதரிடம் அதிகாரம் தரப்பட்டது. கல்லூரியின் கணக்கில் ஓட்டையே இல்லை என்று நாம் வாதாடவில்லை, ஓட்டை இருந்தது. ஓட்டையை அடைப்பது வேறு, கப்பலைக் கொளுத்துவது வேறு!

ஆசிரியர் சங்கம் எழுந்தது. மத்திய கல்வித் துறையிடம் புகார் போயிற்று. ஆணையத் தலைவியின் கணவரே சோதனைக் குழுவில் இருந்ததைக் கல்வித் துறை 2013 ஆகஸ்டில் குறையென்று எடுத்துக் காட்டியது. நல்ல நடுநிலை! நகர அரசு வழக்குரைஞர் டென்னிஸ் ஹெரேரா வழக்குத் தொடுத்தார். 2014 ஜனவரியில் நீதிபதி கர்னோ தடை விதித்தார். 2015-இல் ஆணையம் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புரைத்தார். 2017 ஜனவரியில் ஏழாண்டுக்குச் சான்று உறுதியாயிற்று. ஆனால் கல்லூரி மூடப்போகிறது என்ற பேச்சில் கலைந்து போன மாணவர் கூட்டம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வழக்கில் வென்றவர்கள் அந்த இழப்பை யாரிடம் வசூலிப்பார்கள்?

நகர மக்கள் மட்டும் கைவிடவில்லை. இடி விழுந்த 2012 நவம்பரிலேயே, மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 79 டாலர் வரியைத் தம்மீது தாமே விதித்துக் கொண்டார்கள். மூன்றில் இரு பங்குக்கும் மேல் வாக்கு! 2016 நவம்பரில், ஐம்பது இலட்சம் டாலரும் அதற்கு மேலும் விலை போகிற கட்டிடங்கள் கைமாறும்போது வரியை உயர்த்தினார்கள். வருமானம் என்ன என்று கேளாமல் நகரவாசி எவருக்கும் பயிற்றுக் கட்டணம் இல்லை என்று 2017-இல் ஆயிற்று. 1984-இல் பறிபோனது, மாளிகை விற்பவன் பணத்திலிருந்து திரும்பி வந்தது. 2019-இல் அதைப் பத்தாண்டு ஒப்பந்தமாகவும் ஆக்கிக் கொண்டார்கள்.

பணமுடையோ தீரவில்லை. 2022-இல் முழுநேர ஆசிரியர் பலருக்கு வேலைநீக்க ஓலை போயிற்று. கட்டணம் இல்லாத கல்லூரியில் பாடம் நடத்த ஆசிரியர் வேண்டாமா என்று சங்கத்தார் கேட்டனர். ரிவேராவின் ஓவியத்தை 2021-இல் நகரத்துக் கலைக்கூடத்துக்கு எடுத்துச் சென்று மக்களுக்குக் காட்டினார்கள். 2024-இல் காட்சி முடிந்தது. கல்லூரியில் அதற்கென்று திட்டமிட்ட புது அரங்கம் அப்போது எழும்பவில்லை. ஓவியம் மறுபடியும் கிடங்குக்குப் போயிற்று.