கிட்டார் கழுத்துக்கு எந்த மரம்?

விருத்தாசலம் பக்கத்துல நல்லூர்லேர்ந்து பேசுறேன். எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையாலேயே செய்யணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "நெக்குக்கு மேப்பிள் எங்க கிடைக்கும்?" நம்ம ஊர் மரவாடியில மேப்பிள் கிடைக்காது. வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா, கிட்டாருக்கு ஆகுற செலவுல பெரிய பங்கு அந்த ஒரு கட்டைக்கே போயிடும். அதனால கேள்வியையே கொஞ்சம் மாத்திப்போம். ஒரு நெக்குக்கு மரம் என்ன வேலை செய்யணும்? அது தெரிஞ்சா, எந்த மரம்ங்கிறதும் தெரிஞ்சிடும்.

சாதாரண 10-46 ஸ்ட்ரிங் செட் போட்டு, ஸ்டாண்டர்ட் டியூனிங்ல ஏத்தினா, ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். ரெண்டு அரிசி மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. அந்த இழுவை ராத்திரி பகலா இருக்கும். அதைத் தாங்கி நேரா நிக்கணும், அதுதான் நெக்கோட முதல் வேலை. சத்தம் அடுத்ததுதான். எலெக்ட்ரிக் கிட்டார்ல பிக்கப் கேக்குறது கம்பியோட அதிர்வைத்தான். மரம் அந்தச் சத்தத்தை எவ்வளவு மாத்துதுன்னு இன்னைக்கும் சண்டை நடக்குது. கோணின நெக்ல நல்லா வாசிக்க முடியாதுங்கிறதுல மட்டும் யாருக்கும் சண்டை இல்ல.

"உள்ள ட்ரஸ் ராட் இருக்கே"ன்னு சொல்லலாம். கிப்சன் கம்பெனி 1920-கள்ல கொண்டுவந்த நல்ல யோசனை அது. ஃபெண்டர்கூட 1950-ல முதல் கிட்டார்களை அது இல்லாமத்தான் விட்டாங்க, சீக்கிரமே சேர்த்துட்டாங்க. ஆனா அந்த இரும்புக் கம்பி வில் மாதிரி வளையுறதைத்தான் சரி பண்ணும். நெக் முறுக்கிக்கிட்டா அதால ஒண்ணும் செய்ய முடியாது. முறுக்கு மரத்துலேர்ந்து வர்றது, அதை மரம் வாங்கும்போதே தடுக்கணும்.

எங்க ஊர்ப் பக்கம் செராமிக் தொழில் தெரிஞ்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். பச்சை மண் பொருள் ஒரு பக்கம் சீக்கிரமும் இன்னொரு பக்கம் மெதுவாவும் காஞ்சா கோணும், இல்ல விரிசல் விடும். மரமும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம் இருக்கு. நல்லா வெந்த செராமிக் மறுபடி தண்ணியைக் குடிக்காது. மரம் ஒவ்வொரு மழைக்காலமும் ஈரத்தை உள்ள இழுக்கும், ஒவ்வொரு கோடையிலும் வெளிய விடும். அதனால ஈரத்துக்குக் கம்மியா அசையுற மரம்தான் நமக்கு வேணும்.

இந்த இடத்துல தேக்கு முன்னாடி வருது. பச்சை மரம் முழுசாக் காயும்போது எவ்வளவு சுருங்குதுன்னு அளந்து வச்சிருக்காங்க. கடின மேப்பிள் சுருங்குறதுல ஏறக்குறைய பாதிதான் தேக்கு சுருங்குது. விறைப்புலயும் மேப்பிளுக்குப் பக்கத்துலயே நிக்குது. ரெண்டு தொல்லை உண்டு. தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கு, அதனால கோந்து பூசுறதுக்குச் சற்று முன்னாடி அசிட்டோன்ல துடைக்கணும். அதுல இருக்குற சிலிக்கா உளி, இழைப்புளி முனையைச் சீக்கிரம் மழுக்கிடும். தூளும் மூக்கை அரிக்கும், மாஸ்க் போட்டுக்கோங்க.

"பண்ருட்டி பலா பக்கத்துலதானே இருக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின தஞ்சாவூர் வீணை பலா மரத்துலதான் ஆகுது. ஆனா வீணையில மெட்டுகள் மெழுகு மேல உக்காந்திருக்கு. தண்டி கொஞ்சம் அசைஞ்சா, மெழுகை உருக்கி மேளத்தைத் திரும்பக் கட்டிடலாம். கிட்டார்ல ஃப்ரெட் மரத்துக்குள்ளயே அடிச்சு இறக்கினது, அந்தச் சலுகை கிடையாது. பலாவுல நாரும் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போகும், நேரான துண்டு கிடைக்கிறது கஷ்டம். என் கட்சி: பலாவை பாடிக்கு வைங்க, நெக்குக்குத் தேக்கு.

ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம் அருமையா இருக்கும். உலகம் முழுக்க கிட்டார்ல நம்ம ஈட்டி போகுது. ஆனா அது பாதுகாக்கப்படுற மரம். தமிழ்நாட்டுல 1994-லயே ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 2017-லேர்ந்து மொத்த ஈட்டி இனமும் சைட்டீஸ் கட்டுப்பாட்டுல வந்துச்சு. 2019-ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு மட்டும் தளர்வு கொடுத்தாங்க. பில் இல்லாம "சும்மா ஒரு துண்டு"ன்னு யாராவது நீட்டினா வாங்காதீங்க.

சரி, கட்டையை எப்படிப் பொறுக்குறது? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக்காரங்ககிட்ட ஒரு வழி இருக்கு. பழைய வீடு இடிக்கும்போது வர்ற ஆச்சா மரத்தைத்தான் அவங்க தேடுறாங்க. பல வருஷம் காஞ்ச மரம், ஆடுற ஆட்டமெல்லாம் ஆடி முடிச்சிருக்கும். நாமளும் பழைய மரக் கடையில தேக்கு உத்தரம், நிலைக்கட்டை தேடலாம். ஆணி இருக்கான்னு காந்தம் வச்சுப் பாருங்க, இல்லன்னா ரம்பம் போயிடும். செல்லரிச்சதையும் வெள்ளை ஓரம் உள்ளதையும் விட்டுடுங்க, வைரம் பாஞ்ச பகுதி மட்டும் போதும்.

70 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், இரண்டரை கனம் இருந்தா ஒரு ஃபெண்டர் மாதிரி நெக் வரும். மூணு இடத்துல பாருங்க. பக்கவாட்டுல நார்க் கோடு நீளத்தோடயே ஓடணும். சாய்ஞ்சு வெளிய ஓடினா, தலைப்பக்கம் ஒருநாள் படக்குன்னு ஒடியும். வெட்டு முனையில வளையக் கோடுகள் படுத்திருக்குறதைவிட நின்னா நல்லது, அகலவாக்குல அசைவு கம்மியா இருக்கும். கணு எங்கயும் இருக்கக் கூடாது. இப்படி ஒரே கட்டை கிடைக்கலைன்னா, மூணு பட்டையை நார் எதிரெதிரா வச்சு ஒட்டுங்க. ஒண்ணு இழுக்குறதை இன்னொண்ணு பிடிச்சுக்கும்.

வாங்கினதும் உடனே செதுக்காதீங்க. கிட்டார் இருக்கப்போற அறையிலயே வச்சு, வாரத்துக்கு ஒருதடவை சமையல் தராசுல எடை போட்டு எழுதுங்க. எடை குறையுறது நின்னதும் மரம் அந்த அறையோட ஈரத்துக்குச் சமமாயிடுச்சுன்னு அர்த்தம். அப்பக்கூட முதல்ல கொஞ்சம் கனமா வெட்டி, ரெண்டு வாரம் விட்டு, கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கோணியிருந்தா அந்தக் கட்டையை ஸ்டூலுக்குக் கொடுத்துடலாம். ஃப்ரெட் அடிச்ச பிறகு கோணினா உங்களோட ரெண்டு மாச உழைப்பு போகும்.

அடுத்த எபிசோடுல ஃப்ரெட் இடைவெளிக் கணக்கைப் பார்ப்போம். அதுக்குள்ள ஒரு கட்டையை எடை போட ஆரம்பிச்சிடுங்க.