செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் இஸ்லாமிய அழைப்புப் பணி: அறிவிப்பாளர் தொடர் எனும் சிக்கல்

சமூக ஊடகவழி அழைப்புப் பணியை (தஃவா) மதிப்பிடுவோர் பெரும்பாலும் பார்வையாளர் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால், அங்குப் பகிரப்படும் செய்தியின் நம்பகத்தன்மையே முதலில் ஆராயத்தக்கது.

இச்சிக்கல் புதிதன்று. இடைக்காலப் பள்ளிவாசல்களிலும் தெருக்களிலும் 'குஸ்ஸாஸ்' எனப்பட்ட கதைசொல்லிகள் சிலர், கூட்டத்தைக் கவர்வதற்காக ஆதாரமற்ற செய்திகளை நபிகளாரின் பெயரால் கூறிவந்தனர். பக்தாது அறிஞர் இப்னுல் ஜவ்ஸி (இ. 1201) அவர்களைப் பற்றித் தனிநூல் இயற்றினார், புனையப்பட்ட நபிமொழிகளை 'அல்மவ்ளூஆத்' எனும் நூலில் தொகுத்தார். எகிப்தின் சுயூத்தியும் (இ. 1505) கதைசொல்லிகளின் பொய்கள் குறித்து எச்சரித்து எழுதினார். இப்னுல் ஜவ்ஸி தாமே பெருந்திரளை ஈர்த்த சொற்பொழிவாளர் என்பது கருதத்தக்கது. அவர் எதிர்த்தது மக்கள்முன் பேசுவதை அன்று, ஆதாரமின்றிப் பேசுவதையே.

ஹதீஸ் கலை இதற்குக் கண்ட விடை அறிவிப்பாளர் தொடர் (இஸ்னாத்) ஆகும். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என்பன ஆராயப்பட்டன. இப்னு ஹஜர் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு தரங்களாக வகுத்தார். இத்தர வரிசையில் மொழி மாதிரிக்கு இடமில்லை. அது எவரிடமும் கேட்டுச் சொல்வதில்லை. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்தே தொடரை அமைக்கிறது. ஆதலால் நபிமொழியின் நடையில், நூற்பெயரும் எண்ணும் சேர்த்து, எங்கும் இல்லாத ஒன்றை அது தரக்கூடும். இட்டுக்கட்டியவனைப் 'பொய்யன்' என்று பதிவு செய்த கலை, பொய்யுரைக்கும் நோக்கமே அற்ற கருவியை எங்ஙனம் பதிவு செய்யும்?

தமிழில் சரிபார்ப்பு மேலும் கடினம். புகாரி, புஹாரி, ஹதீஸ், ஹதீது என எழுத்துமுறை வேறுபடுவதால் தேடல் சிதறுகிறது. ஃபுஆத் அப்துல் பாக்கியின் வரிசைப்படி ஸஹீஹுல் புகாரியில் 7563 நபிமொழிகள் உள்ளன. வேறு பதிப்புகளில் எண்கள் மாறுகின்றன. எனவே எண்ணை மட்டும் தரும் பகிர்வு ஆதாரம் போலத் தோன்றுமேயன்றி ஆதாரமாகாது.

2019இல் துபாய் அரசு தொடங்கிய 'மெய்நிகர் இஃப்தா' சேவை, தொழுகை தொடர்பான வரையறுத்த வினாக்களோடு தன்னை நிறுத்திக்கொண்டது. இவ்வரையறை குறைபாடன்று, விவேகமே. வினவுவோரின் சூழலை அறிந்து தீர்ப்புரைக்கும் முஃப்தியின் பணி இதனினும் வேறானது. தமிழுக்கு உடனடித் தேவை, அரபு மூலத்தையும் பதிப்புவாரியான எண்களையும் தமிழ் எழுத்து வேறுபாடுகளையும் இணைக்கும் எண்மச் சொல்லடைவு ஆகும். ஆலிம்களும் கணினி மொழியியலாளரும் கூடிச் செய்யவேண்டிய அப்பணியைப் பல்கலைக்கழக அரபு, தமிழ்த் துறைகள் கூட்டாய்வாக மேற்கொள்ள இயலும்.