வீட்டுக்காரருக்கு சுகர் பார்த்தாச்சா?

காலை பதினொரு மணிக்கு மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் கதவைத் தட்டினால், பெரும்பாலும் வீட்டில் இருப்பது மாமியாரும் மருமகளும்தான். இருவருக்கும் பிரஷர் பார்த்து, விரல் நுனியில் குத்தி சுகரும் பார்த்துவிடலாம். "வீட்டுக்காரருக்கு?" என்று கேட்டால், "அவரு ஆறு மணிக்கே வேலைக்குப் போயிட்டாருக்கா, ராத்திரிதான் வருவாரு" என்று பதில் வரும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கட்டம் காலியாகவே இருக்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட இந்தத் திட்டம், பரிசோதனையையும் மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம்தான். ஆனால் பகலில் வீட்டில் இல்லாதவர் அதில் சிக்கமாட்டார். 2024 ஜனவரியில் இதே சோதனையைத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோனார்கள். தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு உண்டு, சாப்பாட்டு இடைவேளை உண்டு; ஆளைப் பிடித்துவிடலாம். ஆட்டோக்காரரை, கொத்தனாரை, லாரி டிரைவரை, மளிகைக்கடை அண்ணாச்சியை எந்த இடைவேளையில் பிடிப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; அதை எட்டும் நிலையில் இன்னும் 13.6 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் ஊரில் சுகர் என்றால் என்னவென்று தெரியாத ஆண் யாருமில்லை. அப்பாவுக்கு இருந்திருக்கும், பெரியப்பாவுக்குக் கால் விரலை எடுத்திருப்பார்கள். அதனாலேயே பலர் டெஸ்டுக்கு வருவதில்லை. "குத்திப் பார்த்தா ஏதாவது இருக்கும்பாங்க, அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரை. தெரியாம இருக்குறதே நிம்மதி." டீக்கடைப் பெஞ்சில் இதைக் கேட்காதவர் இருக்கமுடியாது.

இப்படிப்பட்டவரிடம் அழுகிய காலின் படம் போட்ட போஸ்டரைக் காட்டி என்ன பயன்? அவர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் ஒதுங்கியிருக்கிறார். அந்தப் போஸ்டரும் ஆஸ்பத்திரிச் சுவரில்தான் ஒட்டியிருக்கும். அங்கே வராதவருக்காக எழுதியதை அங்கே வந்தவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கான சுகாதாரக் கல்வி நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். எங்கே பார்ப்பார்கள், எவ்வளவு நேரமாகும், காசு எவ்வளவு, சுகர் இருந்தால் அப்புறம் என்ன?

விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்பதும் இல்லை. இதைச் சத்தமாகச் சொல்லவேண்டும். விடிகாலையில் இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர், "சாப்பிட்டுட்டேனே" என்றே பல மாதங்களைத் தள்ளிவிடுகிறார். சாப்பிட்டிருந்தாலும் முதற்கட்டமாக விரலில் குத்திப் பார்க்கலாம். 140-க்கு மேல் வந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். தொந்தரவு எதுவும் தெரியாதவருக்கு, இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்த பிறகே நோய் என்று எழுதவேண்டும். ஒரே ஒரு எண்ணை வைத்து யாராவது உங்களை ஆயுள் நோயாளி ஆக்கினால், மறுசோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

டெஸ்டுக்கு முன்பு இரண்டு நாள் பாகற்காயும் கேழ்வரகுமாகச் சாப்பிட்டு, குவார்ட்டரையும் ஒதுக்கிவைத்து, நல்ல ரிசல்டோடு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையிடம் இந்த வித்தை பலிக்காது. அதில் 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை என்றால் விளிம்பில் இருக்கிறார். இதற்கும் வெறும் வயிறு வேண்டாம். ரத்தசோகை போன்றவை உள்ளவருக்கு இந்த எண் பிசகக்கூடும்.

ஊசிக்கு முன்னால், தையல்காரரின் டேப் ஒன்று இருந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு. 42 வயது ஜவுளிக்கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 96 சென்டிமீட்டர் என்றால் 10. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், நடையும் இல்லை, அதற்கு 30. அம்மாவுக்குச் சுகர் உண்டு, அதற்கு 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம், உடனே ரத்தம் பார்க்கவேண்டும். "என் பேன்ட் சைஸ் முப்பத்திநாலுதான்" என்று அவர் வாதாடுவார். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, சார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்கவேண்டும். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லைக்கோடு.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் அறிகுறிகளும் உண்டு. ஆணுறுப்பின் முன்தோலில் திரும்பத் திரும்பப் புண், அரிப்பு, வெடிப்பு வந்தால், மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டே காலம் ஓட்டுவார்கள். அங்கே பூஞ்சை வளர ரத்தத்தில் கூடிப்போன சர்க்கரை காரணமாக இருக்கலாம். விறைப்புத்தன்மை குறைவதும் அப்படித்தான். அதற்காக லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரைத் தேடி ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவருக்கு, இலவசமாகக் கிடைக்கும் சுகர் டெஸ்ட் தோன்றுவதில்லை. நரம்பையும் ரத்தக் குழாயையும் சர்க்கரை அரிப்பதால் வரக்கூடிய கோளாறு இது. இதய நோய்க்கான முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். மகப்பேறு பற்றிப் பெண்களிடம் பேச நம் சுகாதாரத் துறைக்குப் பழகிவிட்டது. ஆண்களிடம் இந்தப் பேச்சைப் பேச ஆண் பணியாளர்கள் வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும் சாயங்காலத்தில் போகவேண்டும். சங்கச் செயலாளர் முதலில் விரலை நீட்டினால் மற்றவர்களும் கையை நீட்டுவார்கள். கணவரை டெஸ்டுக்கு அனுப்பும் வேலையையும் மனைவி தலையில் கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை; வீட்டில் எல்லார் மாத்திரைக் கணக்கையும் ஏற்கெனவே அவர்தான் வைத்திருக்கிறார்.

சொன்னால் ஆண்கள் கேட்பார்களா என்ற சந்தேகத்துக்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 வேலைபார்க்கும் ஆண்களை எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு, நடை பற்றி செல்போனில் குறுஞ்செய்தி தொடர்ந்து போனது. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. 2013-ல் வெளியான முடிவு இது. சின்னச் சின்ன செய்திதான். ஆனால் அவரவர் சட்டைப்பைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த தயக்கம் கொஞ்சம் கணக்குப் பார்க்கிற தயக்கம். "டெஸ்ட் எடுத்து சுகர்னு வந்துட்டா இன்சூரன்ஸ் கிடைக்காதே?" கிடைக்கும். பிரீமியம் கூடலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும். அந்தக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் குறைத்துவிட்டது. தெரிந்த நோயை மறைத்துப் பாலிசி எடுப்பதுதான் ஆபத்து. நெஞ்சுவலியோடு படுத்திருக்கும்போது கிளெய்மைத் தள்ளுபடி செய்ய அதுவே காரணமாகிவிடும். ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டியபிறகு, மோசடி என்று நிரூபித்தாலன்றி, "நோயைச் சொல்லவில்லை" என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க முடியாது. நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போய்விடவேண்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குச் சோதனையும் மருந்தும் அங்கேயே இலவசம். டாக்டர் சான்றளித்த நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அறிவித்தபோது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு சொன்னது. உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள், கேட்காமல் கிடைக்காது. நோயாளியின் விவரத்தை டாக்டர் வெளியில் சொல்வது நடத்தை விதிகளுக்கு எதிரானது. ரிப்போர்ட் உங்களுடையது. சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. அரசு மருத்துவமனையில் மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால், 104-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.

எல்லாம் சரியாக நடந்து, சுகர் இருப்பதும் தெரிந்து, மாத்திரையும் தொடங்கிய பிறகு ஒரு பொறி காத்திருக்கிறது. "48 நாளில் சர்க்கரை முற்றிலும் குணம், மாத்திரைக்கு விடுதலை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொடி வரும். இதில் ஏமாறுகிறவர்களில் படித்த ஆண்களுக்குக் குறைவில்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டின் மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாக்கெட்டையும் பில்லையும் சேர்த்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பொடியை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டவர் அதை டாக்டரிடம் மறைக்கவேண்டாம். பாக்கெட்டோடு போய்க் காட்டி, சுகரையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.