தெப்பக்குளமும் காவிரியும்

மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளப் படியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நாளைக்கும் தண்ணீர் அங்கேதான் நிற்கும். வெயிலில் ஒரு நூல் இறங்கியிருக்கலாம். ஸ்ரீரங்கம் போகிற காவிரிப் பாலத்துத் தூணிலும் ஒரு கோடு போடுங்கள். முக்கொம்பில் திறந்துவிடும் அளவு மாறாதவரை இங்கேயும் மட்டம் மாறாது. ஆனால் நேற்று அந்தத் தூணைத் தொட்ட தண்ணீர் இந்நேரம் கல்லணையைத் தாண்டியிருக்கும்.

குளத்தில் இருப்பது சமநிலை. ஆற்றில் இருப்பது நிலைத்த நிலை. வேதியியல் வகுப்பில் நாம் படிக்கும் வெப்ப இயக்கவியல் பெரும்பாலும் குளத்தைப் பற்றியது. அதில் நேரத்துக்கு இடமே இல்லை. மீள் செயல்முறை முடிவிலா மெதுவில் நடக்க வேண்டும் என்கிறது புத்தகம். அப்படி நடத்தினால் பேரன் காலத்திலும் காபி ஆறாது.

திருவெறும்பூர் பெல் ஆலையில் கொதிகலன் செய்கிறார்கள். அப்படி ஒரு கொதிகலனில் 1500 கெல்வின் சூட்டிலுள்ள புகை, 800 கெல்வின் நீராவிக்கு 1000 ஜூல் வெப்பம் தருவதாக வைத்துக்கொள்வோம். வெப்பத்தைச் சூட்டால் வகுத்தால், புகை இழந்த என்ட்ரோபி கெல்வினுக்கு 0.67 ஜூல். நீராவி பெற்றது 1.25. மிச்சம் 0.58 எங்கிருந்தும் வரவில்லை, வழியில் பிறந்தது. வெளிக்காற்று 300 கெல்வின் என்றால், இந்தப் பிறப்புக்கு நாம் கட்டும் தண்டம் சுமார் 175 ஜூல் வேலை. இத்தனைக்கும் ஒரு ஜூல் வெப்பம்கூட வெளியே கசியவில்லை! சூட்டு வித்தியாசத்தைக் குறைத்தால் தண்டமும் குறையும். ஆனால் வெப்பம் நத்தை மாதிரி நகரும், குழாய்களை மைல் கணக்கில் போட வேண்டும்.

தள்ளுகிற வித்தியாசம் ஒன்று, அதனால் பாய்வது ஒன்று. இரண்டையும் பெருக்கினால் என்ட்ரோபி பிறக்கும் வேகம் கிடைக்கும். மீளா வெப்ப இயக்கவியலின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

சுவையான இடம், ஒன்றின் தள்ளலில் இன்னொன்று நகர்வது. நீராவியின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளில் குரோமெல், அலுமெல் என்று இரண்டே கம்பிகள். ஒரு முனை 500 டிகிரியிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருந்தால் சுமார் 20 மில்லிவோல்ட் காட்டும். தள்ளியது சூடு, கிடைத்தது மின்னழுத்தம். இதை 1821இல் கண்டவர் சீபெக். மின்சாரம் செலுத்தினால் வெப்பம் இடம் மாறும் என்று 1834இல் பெல்டியர் கண்டார். இந்த இரு குறுக்கு விளைவுகளின் கெழுக்களும் சமம் என்பதை அணுக்களின் இயக்கத்திலிருந்தே நிறுவியவர் லார்ஸ் ஆன்சாகர். 1931இல் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கு 1968இல்தான் வேதியியல் நோபல் வந்தது.

ஆன்சாகரின் விதி சமநிலைக்குப் பக்கத்தில்தான் செல்லும். அதைவிட்டு வெகுதூரம் போனவர் 1977இல் நோபல் பெற்ற பிரிகோஜின். அந்தத் தூரத்தைப் பார்க்க பெலூசோவ்-ஜபோடின்ஸ்கி வினை போதும். ஃபெராயின் சேர்த்த கரைசல் பீக்கரில் சிவப்பாகும், நீலமாகும், மறுபடி சிவப்பாகும். புதிதாக எதுவும் ஊற்றாமல் விட்டால் துடிப்பு மெல்ல அடங்கி, ஒரே நிறத்தில் தெப்பக்குளம்போல் நின்றுவிடும்.