என்ன புதினம்?

ஈழத்தின் கீழைக்கரையில் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த மறுகணமே எழும் வினா “என்ன புதினம்?” என்பதுதான். தமிழகத்து அன்பர்கள் புதினம் என்றால் நெடுங்கதை என்பர்; நம்மவர்க்கோ அது செய்தி, புதுமை, வியப்பு யாவும் அடங்கிய ஒரு சொல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நெருங்கிக் கிடக்கும் ஊர்களில், தேத்தண்ணீர்க் கடையிலும் கடற்கரை மணலிலும் கைமாறிய புதினம் இன்று கைத்தொலைபேசி வழியே பறக்கின்றது. இரட்டைத்தலை ஆட்டுக்குட்டி, மனித முகம் போன்ற கிழங்கு என எதைக் கண்டாலும் உடனே நண்பர்க்கு அனுப்பி மகிழ்கின்றோம். இம்மகிழ்ச்சி இயல்பானதே, வியப்பைத் தனியே வைத்துக்கொள்ள எவரால் இயலும்? எனினும், புதினம் கைமாறும்போது அதனோடு வேறு எது கைமாற வேண்டும் என்பதை நாம் சற்றுச் சிந்தித்தல் நன்று.

கல்முனைப் பக்கம்வரை நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் ‘பாடும் மீன்’ நம் பகுதியின் மூத்த புதினம் எனலாம். அதனைக் கடல் கடந்த நாட்டவரும் அறியச் செய்தவர்களுள் ஒருவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராய் இருந்த அவர், 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இக்கதையைப் பற்றி விசாரித்தார். கேட்டதை அப்படியே ஏட்டில் ஏற்றிவிடவில்லை. நிலவெழுந்த பின் மீனவரோடு தோணியேறிச் சென்று, நீரடியிலிருந்து எழுந்த மெல்லொலியைத் தாமே கேட்டார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. இடம் மாறினால் மறைந்தது. திரும்பி வந்தால் மீண்டும் கேட்டது. இவற்றையெல்லாம் அவர் குறித்துக்கொண்டார். ஒலிப்பது மீனன்று, ஒருவகை ஊரியே என மீனவர் கூறியதை, மீனவர் கூற்றாகவே 1859இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலில் எழுதினார். தாம் கேட்டது எது, பிறர் சொன்னது எது என்று அவர் பிரித்து வைத்தமையால், அப்பக்கங்களை இன்றும் நம்பிப் படிக்கின்றோம்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் நம் ஊரிலேயே நடந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியபோது, இடிபாடுகளிடையே உயிருடன் கிடந்த ஓர் ஆண் குழந்தை கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்று சேர்க்கப்பட்டோருள் 81ஆவது என்பதால் ‘குழந்தை 81’ என்பதே அதன் பெயராயிற்று. ஒன்பது தாய்மார் அதற்கு உரிமை கோருகின்றனர் என்ற செய்தி பத்திரிகைகளிலும் இணையத்திலும் உலகெங்கும் ஓடியது. சுலைமான் நபியின் தீர்ப்பை நினைவூட்டும் கதையன்றோ! சொன்னவரும் கேட்டவரும் வியந்தனர். பின்னர் தெரியவந்ததோ, முறைப்படி உரிமை கோரியவர் ஒரே ஒரு தம்பதியர் என்பதே. 2005 பெப்ரவரி 14இல் வெளியான மரபணுச் சோதனை முடிவு அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது. இரு நாள் கழித்துக் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது. ‘ஒன்பது’ என்ற எண்ணை உலகம் சுவைத்துக்கொண்டிருந்த நாள்களில், பெற்ற தாய் ஒன்பதில் ஒருத்தியாய் நிற்க நேர்ந்தது.

புதினம் இதனினும் பெரிய தீங்காய் முடிவதும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியினுள் ஒரு கட்டி காணப்பட்டது. அது கருத்தடை மருந்து என்று கூச்சல் எழுந்தது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கும்பல் சூழ நின்று எடுத்த காணொளி நாடெங்கும் பரவியது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி எனத் தெரிந்தது! உணவில் கலந்தால் ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை. அடுப்பங்கரையில் நிற்கும் எவரும் அறிந்த மாவுக்கட்டி, ஓர் ஊரின் அமைதியைக் குலைக்கும் வதந்தியாகிவிட்டது. சில நாளில் கண்டி மாவட்டத்திலும் வன்முறை மூண்டு, மார்ச் 7இல் சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியது. அவ்வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

வாட்ஸ்அப் நிறுவனமும் சில தடைகள் இட்டது. 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியாயின் ஒன்றுக்கே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் சுருக்கியது. ஆயினும், ஒரு செய்தி பல கை மாறியதை இயந்திரம் அறிவிக்குமேயன்றி, முதலில் கண்டவர் யார் எனச் சொல்லாது.

அதைச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஹதீஸ் அறிஞர்கள் செய்தியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தமக்குச் சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார் என அறிவிப்பாளர் வரிசையையும் கூறினர். அவர்தம் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். ‘இஸ்னாத்’ எனும் இம்முறையை மத்ரஸா மாணவரும் அறிவர். அந்தக் கவனத்தில் நூறில் ஒரு பங்கேனும் நமது கைத்தொலைபேசிக்கு வாய்க்கலாகாதா?

மாணவ நண்பர்களே, புதினம் அனுப்புவதை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. இது நான் கண்டது, இது இன்னார் சொன்னது, இதன் காலமும் இடமும் இவை என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அந்த வரியை எழுத இயலவில்லையாயின், புதினம் சற்றுக் காத்திருக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் மருதமுனையின் கைத்தறிக்காரரிடமோ கரைவலை இழுப்போரிடமோ சென்று, அவர்தம் தொழிலில் கண்ட விந்தை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். சொன்னவர் பெயரையும் சேர்த்து அதனை நண்பர்க்கு அனுப்பலாம்.